கல், காகிதம், கத்தரிக்கோல்: பிந்தி விரியும் கையை என்ன செய்வது?

தோக்கியோ பல்கலைக்கழகத்தின் இஷிகாவா ஆய்வகம் 2012ஆம் ஆண்டில் ஓர் இயந்திரக் கையை உருவாக்கியது. கல், காகிதம், கத்தரிக்கோல் விளையாட்டில் அந்தக் கை மனிதரிடம் ஒருமுறைகூடத் தோற்பதில்லை. எதிராளியின் மனத்தைப் படித்தோ, முந்தைய சுற்றுகளில் அவர் காட்டியவற்றைக் கணக்கிட்டோ அது வெல்லவில்லை. மனிதரின் விரல்கள் எந்த வடிவத்தை எடுக்கத் தொடங்குகின்றன என்பதை ஓர் அதிவேகக் கேமரா ஒரு மில்லி நொடிக்குள் கண்டுகொள்கிறது. அதை வெல்லக்கூடிய வடிவத்தை இயந்திர விரல்கள் உடனே எடுத்துவிடுகின்றன. பார்ப்பவரின் கண்ணுக்கு இரண்டு கைகளும் ஒன்றாக விரிந்ததாகவே தெரியும். உண்மையில் இயந்திரம் ஒவ்வொரு முறையும் எதிராளியின் கையைப் பார்த்த பிறகே தன் கையைக் காட்டுகிறது. நம் ஊர்ப் பிள்ளைகள் இதைக் கள்ளாட்டம் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள்.

இந்த விளையாட்டில் நேர்மை என்பது எதைப் பொறுத்தது என்பதை அந்த ஆய்வகம் வேறு எவரையும்விடத் தெளிவாகக் காட்டிவிட்டது. சீட்டாட்டத்தில் சீட்டை மறைக்கலாம்; தாயத்தில் காயை நகர்த்தி வைக்கலாம்; ஓட்டப் பந்தயத்தில் ஊக்கமருந்து உட்கொள்ளலாம். வெறுங்கையால் ஆடும் இவ்விளையாட்டில் மறைக்கவோ மாற்றிவைக்கவோ பொருளே இல்லை. கல் கத்தரிக்கோலை உடைக்கும், கத்தரிக்கோல் காகிதத்தை வெட்டும், காகிதம் கல்லை மூடும் என்ற மூன்று வாக்கியங்களில் அதன் விதிகள் முடிந்துவிடுகின்றன. அவற்றை மீறுவதற்கும் வழியில்லை; ஏனென்றால் யார் வென்றார் என்பது எல்லாருக்கும் கண்ணெதிரே தெரிகிறது. மீறக்கூடிய விதி ஒன்றே ஒன்றுதான்: இரண்டு கைகளும் ஒரே நேரத்தில் விரிய வேண்டும். போட்டி அமைப்புகள் வகுத்த சட்டதிட்டங்கள், நடுவர்கள், தண்டனைகள் எல்லாம் இந்த ஒரு விதியைக் காப்பதற்காகவே பிறந்தவை. இதைக் காப்பது நினைப்பதைவிடக் கடினமானது என்பதையும், அதற்காகக் கண்டறியப்பட்ட வழிகளுள் ஒன்று மற்றவற்றைவிட உண்மையிலேயே சிறந்தது என்பதையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

குழந்தை விளையாட்டுக்கு இத்தனை ஆராய்ச்சி தேவையா என்ற கேள்வி எழலாம். கனடாவின் டொராண்டோ நகரில் 2002 முதல் 2009 வரை இவ்விளையாட்டின் உலகப் போட்டிகள் ரொக்கப் பரிசுகளுடன் நடந்தன. 2004ஆம் ஆண்டுப் போட்டி அமெரிக்க விளையாட்டுத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது. அமெரிக்காவின் லாஸ் வேகாஸில் 2006இல் நடந்த தேசியப் போட்டியின் வெற்றியாளருக்கு 50,000 டாலர் கிடைத்தது. ஜப்பானின் ஏகேபி 48 என்ற பாடகியர் குழு 2010 முதல் பல ஆண்டுகள், அடுத்த பாடலில் முன்னிலையில் நிற்பவர் யார் என்பதை ஆயிரக்கணக்கான பார்வையாளர் முன்னிலையில் இதே விளையாட்டால் முடிவு செய்தது. இத்தனை பணமும் வாய்ப்பும் ஒரு கையசைவில் தொங்கும்போது, அந்தக் கை எப்போது விரிந்தது என்ற கேள்வி விளையாட்டாக இருக்க முடியாது.

டொராண்டோ போட்டிகளை நடத்திய உலகக் கழகத்தின் விதிகள் முதலில் கவனித்தது தாளத்தைத்தான். ஆட்டக்காரர் இருவரும் மூடிய முட்டியைத் தோள்பக்கம் உயர்த்தி, ஒரே சீராகக் கீழே இறக்குவார்கள். எத்தனை முறை இவ்வாறு முட்டியை வீசிய பிறகு கையைக் காட்டுவது என்பதை ஆட்டம் தொடங்கும் முன்பே பேசி முடிவு செய்ய வேண்டும். சிலருக்கு மூன்று முறை வீசுவது வழக்கம், சிலருக்கு இரண்டு. இந்த எண்ணிக்கையைப் பேசாமல் தொடங்குவதே முறைசாரா ஆட்டங்களில் பாதிச் சண்டைகளுக்குக் காரணம்: ஒருவர் மூன்றாவது வீச்சிலேயே கையைத் திறப்பார், மற்றவர் மூன்றுக்குப் பிறகு வரும் நான்காவதில் திறப்பார். இருவரும் நேர்மையாக ஆடியிருப்பார்கள். இருவருக்கும் எதிரில் இருப்பவர் ஏமாற்றியதாகத் தோன்றும்.

ஜப்பானில் இந்தத் தாளத்தைக் குரல் ஏற்றுக்கொள்கிறது. அங்கே ஆட்டக்காரர்கள் ‘சைஷோ வா கூ’ என்று சொல்லி முதலில் இருவரும் முட்டியை நீட்டுகிறார்கள். அதன் பிறகே ‘ஜான் கென் பொன்’ என்ற அசைகளின் முடிவில் உண்மையான கையைக் காட்டுகிறார்கள். முதலில் நீட்டும் முட்டிக்கு ஆட்டத்தில் மதிப்பு எதுவும் இல்லை. இரண்டு உடல்களையும் ஒரே வேகத்துக்குக் கொண்டுவந்து நிறுத்துவதே அதன் வேலை. பிந்திக் கை காட்டுவதற்கு ஜப்பானியரிடம் ‘அதோதாஷி’ என்று தனிப் பெயரே இருக்கிறது. தமிழ்நாட்டில் சா பூ திரி போடும் பிள்ளைகளும் இதே காரணத்துக்காகவே அந்த மூன்று அசைகளையும் கூட்டாக, உரக்கச் சொல்கிறார்கள். உள்ளங்கையா புறங்கையா என்று மற்றவர் கைகளை நோட்டமிட்டுக் கடைசியில் நீட்டுகிறவனை அழுகுணி என்று சொல்லித் திரும்பப் போட வைக்கிறார்கள்.

அந்தத் ‘திரும்பப் போடு’ என்ற தண்டனையில்தான் சிக்கல் இருக்கிறது. நியாயமாகவும் பெருந்தன்மையாகவும் தோன்றும் இந்த வழி, கணக்கிட்டுப் பார்த்தால் பிந்துகிறவருக்கே சாதகமானது. ஒருவர் எதிராளியின் கை காகிதமாக விரிவதைப் பார்த்துவிடுகிறார். தாம் காட்ட நினைத்தது கல். அப்படியே காட்டினால் தோல்வி. சற்றே தாமதித்துத் தடுமாறினால் நடுவர் அந்தச் சுற்றைச் செல்லாததாக்கி மறுபடி ஆடச் சொல்வார். தோற்கவேண்டிய சுற்று அழிந்துவிடுகிறது. வெல்லும் சுற்றுகளையோ அவர் தாமதிக்காமல் ஏற்றுக்கொள்வார். இந்தத் தந்திரம் எப்போதாவது பலித்தாலே போதும். சம வலிமையுள்ள இருவர் ஆடுகையில், ஒருவர் தமக்கு வரும் பத்துத் தோல்விகளில் ஒன்றை மட்டும் இப்படி மறு ஆட்டமாக மாற்றினால், அவருடைய வெற்றிக்கும் தோல்விக்கும் உள்ள விகிதம் பத்துக்கு ஒன்பது ஆகிவிடும். மூன்று சுற்றுகளில் முடியும் ஆட்டங்களைக் கொண்ட நீண்ட போட்டியில் இது சிறிய ஆதாயம் அன்று. தண்டனை என்று நாம் நினைப்பது அவருக்கு விலையில்லாக் காப்பீடாகிவிடுகிறது.

பிந்தியவர் தோற்றதாக அறிவித்துவிடலாமே என்றால், அதற்குள் வேறொரு தீமை ஒளிந்திருக்கிறது. ‘பிந்தியது’ என்று ஒரு கையைச் சொல்ல வேண்டுமானால் அதை மற்றக் கையோடு ஒப்பிட வேண்டும். ஒப்பீடு என்று வந்துவிட்டால், ஒருவர் தம் கையை வழக்கத்தைவிட விரைந்து திறந்தே எதிராளியைப் பிந்தியவராகக் காட்டிவிட முடியும். தாளத்தைக் கெடுத்தவர் ஒருவர், தண்டனை பெறுபவர் மற்றவர் என்ற நிலை வந்துவிடும். மேலும், இரண்டு மனித உடல்கள் எவ்வளவு முயன்றாலும் இம்மி பிசகாமல் ஒன்றாக அசைவதில்லை. சிறு இடைவெளி எப்போதும் இருக்கும். அந்த இடைவெளி ஒவ்வொன்றையும் தோல்வியாக்கினால் ஆட்டம் கையை விட்டு நடுவரின் கண்ணுக்குப் போய்விடும்.

உலகக் கழகத்தின் விதி இந்த இரண்டு வழிகளையும் விட்டுவிட்டு மூன்றாவது ஒன்றைத் தேர்ந்தது. கடைசி வீச்சில் கீழிறங்கும் கை, உடலுக்குச் செங்குத்தாக, அதாவது 90 பாகைக் கோணத்தை அடைவதற்குள் வடிவத்தைக் காட்டிவிட வேண்டும். அந்தக் கோட்டைக் கடந்தும் வடிவம் காட்டப்படவில்லை என்றால் அது கல்லாகவே கொள்ளப்படும். இந்த ஒற்றை வரியில் உள்ள சிந்தனையை நான் மிகவும் மதிக்கிறேன். முதலாவதாக, ஒருவரின் கை எதிராளியின் கையோடு ஒப்பிடப்படவில்லை. அவருடைய சொந்த உடலோடு மட்டுமே ஒப்பிடப்படுகிறது. எதிராளி முந்தினாரா பிந்தினாரா என்பது அவருடைய குற்றத்தையோ நேர்மையையோ பாதிப்பதில்லை. இரண்டாவதாக, நடுவர் எவரையும் ஏமாற்றுக்காரர் என்று அறிவிக்க வேண்டியதில்லை. முட்டி மூடியிருந்தது, மூடிய முட்டி கல், அவ்வளவே. மூன்றாவதாக, தாமதிப்பதால் எந்த ஆதாயமும் எஞ்சுவதில்லை: பார்த்துவிட்டுக் காத்திருப்பவருக்குக் கிடைப்பது கல் மட்டுமே, காகிதத்தைப் பார்த்துத் தாமதித்தால் தோல்வியை அவரே உறுதி செய்துகொள்கிறார்.

இவ்விதிக்கும் ஓர் ஓட்டை உண்டு. எல்லாக் கைகளும் முட்டியாகவே பயணத்தைத் தொடங்குவதால், கல்லைப் போல் இறங்கிவந்து, 90 பாகைக் கோட்டுக்குச் சற்று முன்னே திடீரென விரல்களை நீட்டுவது விதிப்படி செல்லும். தேர்ந்த ஆட்டக்காரர்கள் இதைத் தெரிந்தே செய்வார்கள். எதிராளி முன்கூட்டியே விரலைப் பிரித்திருந்தால் அதைப் பார்த்து முடிவை மாற்றவும் அவர்களுக்கு ஒரு நொடித்துணுக்கு கிடைக்கும். இதை அநீதி என்று சிலர் கருதுகிறார்கள். என் கருத்து வேறு. கோடு இருவருக்கும் ஒன்றாகவே இருக்கும்போது, கோட்டுக்கு வெகுமுன்னே கையைத் திறந்து காட்டியவர் தம் கவனக்குறைவுக்குத் தாமே விலை கொடுக்கிறார். முந்துவதன் பொறுப்பை முந்துபவர் மீதே வைக்கும் விதி, அந்தப் பொறுப்பை எதிராளி மீது ஏற்றும் விதியைவிட மேலானது.

கண்ணால் பார்த்து, எதிர் வடிவத்தைத் தேர்ந்து, விரலை அசைக்க மனிதருக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். ஒளியைப் பார்த்ததும் பொத்தானை அழுத்துவது போன்ற மிக எளிய செயலுக்கே ஏறத்தாழ நொடியின் ஐந்தில் ஒரு பங்கு தேவைப்படுகிறது. மூன்றில் ஒன்றைத் தேர்ந்து செய்ய அதைவிடக் கூடுதலாகும். அதைவிடச் சிறிய இடைவெளியையும் பக்கவாட்டில் நின்று கூர்ந்து பார்க்கும் நடுவரால் உணர முடியும். அதனால் முழுமையாகப் பார்த்துவிட்டு ஏமாற்றும் மனிதர் அநேகமாகப் பிடிபட்டுவிடுவார். தோக்கியோ இயந்திரம் மட்டுமே பிடிபடாமல் தப்பும். சிக்கலானவை இடைப்பட்ட நிலைகள். விரல்கள் பிரியத் தொடங்கும் அசைவை அரைகுறையாகப் பார்த்துத் தன் கையை மாற்றிக்கொள்வது இயலும். அது எப்போதும் வேண்டுமென்றே நிகழ்வதும் இல்லை.

2011ஆம் ஆண்டில் பிரிட்டனின் அறிவியல் கழக இதழ் ஒன்றில் வெளிவந்த ஆய்வு இதைச் சோதித்தது. ஆட்டக்காரர் இருவரின் கண்களையும் கட்டி ஆடவைத்தபோது சமன் ஆன சுற்றுகள், தற்செயலாக எதிர்பார்க்கக்கூடிய மூன்றில் ஒரு பங்கு அளவிலேயே இருந்தன. ஒருவரின் கண்ணை மட்டும் கட்டி மற்றவரைப் பார்க்கவிட்டபோது சமன்கள் அதைவிடச் சற்றுக் கூடின. சமன் செய்வதால் பார்ப்பவருக்கு எந்த ஆதாயமும் இல்லை. இருந்தும் அவருடைய கை எதிரில் உருவாகும் வடிவத்தைத் தன்னையறியாமல் பின்பற்றியது. உள்நோக்கத்தை அளவுகோலாகக் கொண்ட விதி இத்தகைய நிகழ்வுகளில் திணறும்: பார்த்து மாற்றினாரா, தானாக மாறியதா என்று நடுவர் எப்படித் தீர்மானிப்பார்? கையின் கோணத்தை மட்டும் கேட்கும் விதிக்கு அந்தத் திணறல் இல்லை. விதி மனத்தை விசாரிக்கப் போகக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

வடிவத்தைப் பற்றிய விதிகளும் இதே நோக்கத்தைச் சார்ந்தவையே. காகிதம் என்றால் உள்ளங்கை தரையைப் பார்த்துப் படுக்கையாக இருக்க வேண்டும். கைகுலுக்குவது போல் செங்குத்தாக நீட்டுவதை உலகக் கழகம் மிக மோசமான நடத்தையாகக் கருதியது. செங்குத்தான காகிதம் ஒரு பக்கத்திலிருந்து பார்க்கும்போது கத்தரிக்கோலிலிருந்து பிரித்தறிய முடியாதது. சந்தேகம் எழுந்தபின் விரலை விரிக்கவோ சேர்க்கவோ அங்கே வாய்ப்பு உண்டு. மூன்று வடிவங்களுக்கு மேல் கூடாது என்பதும் இப்படியே. ஜெர்மனியிலும் பிரான்சிலும் சிலர் கிணறு என்ற நான்காவது வடிவத்தைச் சேர்த்து ஆடுகிறார்கள். கல்லும் கத்தரிக்கோலும் கிணற்றில் விழும், காகிதம் கிணற்றை மூடும். இதைச் சேர்த்த அந்தக் கணமே சமநிலை குலைகிறது: கல் வெல்வது கத்தரிக்கோலை மட்டும், கிணறு வெல்வதோ கத்தரிக்கோலையும் கல்லையும். காகிதத்திடம் இரண்டும் தோற்கின்றன. அதனால் கல்லைக் காட்ட வேண்டிய காரணமே இல்லாமல் போய், நான்கு வடிவ ஆட்டம் மறுபடி மூன்று வடிவ ஆட்டமாகச் சுருங்கிவிடுகிறது.

ஏமாற்று எது, திறமை எது என்ற எல்லைக்கோடு இந்த விளையாட்டில் விசித்திரமான இடத்தில் விழுகிறது. பேச்சால் எதிராளியைக் குழப்புவது அனுமதிக்கப்பட்டது. ‘அடுத்து நான் கல்தான் காட்டப் போகிறேன்’ என்று சொல்லிவிட்டுக் கல்லையே காட்டலாம், காட்டாமலும் விடலாம். மூன்று சுற்றுகளுக்கும் சேர்த்து முன்கூட்டியே வகுத்துக்கொள்ளும் வரிசைகளுக்கு டொராண்டோ ஆட்டக்காரர்கள் பெயர்கூட வைத்திருந்தார்கள்: மூன்றும் கல் என்றால் பனிச்சரிவு, மூன்றும் காகிதம் என்றால் அதிகாரி. பொய் சொல்லலாம், ஆனால் பிந்தக் கூடாது. எதிராளியின் எண்ணத்தை ஏமாற்றுவது ஆட்டத்தின் உயிர். அவருடைய நேரத்தை ஏமாற்றுவது ஆட்டத்தின் அழிவு.

எண்ணத்தை ஏமாற்றுவதில் உண்மையான திறமை இருக்கிறது என்பதற்குச் சான்றும் உண்டு. சீனாவின் செஜியாங் பல்கலைக்கழகத்தில் 360 மாணவர்களை ஆறு பேர் கொண்ட குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவையும் 300 சுற்றுகள் ஆடவைத்து 2014இல் வெளியிட்ட ஆய்வில் ஓர் ஒழுங்கு தெரிந்தது: வென்றவர் வென்ற வடிவத்தையே மறுபடி காட்டும் சாய்வு கொண்டிருந்தார், தோற்றவர் வேறு வடிவத்துக்கு மாறினார். மூன்றையும் சம வாய்ப்பில் கலந்து காட்டுவதே வெல்ல முடியாத உத்தி என்று கணிதம் சொல்கிறது. மனிதரால் அப்படிக் கலக்க முடிவதில்லை. அந்த இயலாமையைக் கவனித்துப் பயன்படுத்துபவரே நல்ல ஆட்டக்காரர். முழுக்க அதிர்ஷ்டமாக இருந்திருந்தால் பிந்துவது ஒரு சீட்டுக்குலுக்கலைக் கெடுத்த குற்றமாக மட்டும் இருந்திருக்கும். திறமையும் கலந்திருப்பதால், பிந்துகிறவர் எதிராளியின் உழைப்பையும் சேர்த்தே பறிக்கிறார்.

நேரத்தின் சிக்கலை ஒரேயடியாக நீக்க வழி இருக்கிறது. ஆனால் அதற்குக் கையை விட்டுவிட வேண்டும். 2005இல் ஜப்பானின் மாஸ்ப்ரோ டென்கோ என்ற மின்னணு நிறுவனம், பிரெஞ்சு ஓவியர் செசானின் ஓவியம் ஒன்றை உள்ளடக்கிய தன் சேகரிப்பை விற்க முடிவு செய்தது. கிறிஸ்டீஸ், சோத்பீஸ் ஆகிய இரண்டு ஏல நிறுவனங்களில் எதைத் தேர்வது என்று தெரியாத அதன் தலைவர் தகாஷி ஹஷியாமா, இருவரையும் இந்த விளையாட்டை ஆடச் சொன்னார். இரு தரப்புப் பிரதிநிதிகளும் தோக்கியோ அலுவலகத்தில் மேசையின் எதிரெதிர்ப் பக்கங்களில் அமர்ந்து, தங்கள் தேர்வைத் தாளில் எழுதிக் கொடுத்தார்கள். கிறிஸ்டீஸ் கத்தரிக்கோல் என்று எழுதியது, சோத்பீஸ் காகிதம் என்று எழுதியது. ஏலம் கிறிஸ்டீஸுக்குப் போனது. செசானின் ஓவியம் மட்டும் ஒரு கோடி டாலருக்கும் அதிகமாக விற்றது. எழுதிய தாள்களைத் திறந்து பார்ப்பதில் யார் முந்தினார், யார் பிந்தினார் என்ற கேள்விக்கே இடமில்லை. நம் ஊரின் ஒற்றையா இரட்டையா விளையாட்டும் இதே அமைப்பைக் கொண்டது: புளியங்கொட்டைகளை ஒருவர் முதலில் கைக்குள் மூடிக்கொள்கிறார், எதிராளி பிறகு சொல்கிறார், அதன் பின்பே கை திறக்கிறது. மூடிய கை உறுதிமொழியாகிவிடுவதால் ஒரே நேரத்தில் எதையும் செய்ய வேண்டிய தேவை அங்கே எழுவதில்லை. தொலைவில் இருக்கும் இருவர், ஒருவரையொருவர் நம்பாமலே, தொலைபேசி வழியாக நாணயம் சுண்டுவது எப்படி என்று 1981இல் கணினி அறிவியலாளர் மானுவேல் பிளம் விளக்கிய மறையீட்டு முறையும் மூடிய கையின் கணித வடிவமே.

நீதிமன்றம் ஒன்றும் இந்த விளையாட்டின் மேற்பார்வையைப் பற்றி யோசிக்க நேர்ந்தது. 2006 ஜூனில் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில், ஒரே கட்டடத்தில் அலுவலகம் வைத்திருந்த இரு தரப்பு வழக்கறிஞர்கள், சாட்சியை எங்கே விசாரிப்பது என்பதில்கூட உடன்பட முடியாமல் நீதிமன்றத்தை நாடினார்கள். கூட்டாட்சி நீதிபதி கிரெகரி பிரெஸ்னெல், நீதிமன்றப் படிக்கட்டில் ஒரு சுற்று கல், காகிதம், கத்தரிக்கோல் ஆடி இடத்தை முடிவு செய்யுமாறு உத்தரவிட்டார். அவர்களைக் கடிந்துகொள்வதே அந்த உத்தரவின் நோக்கம் என்றாலும், ஒவ்வொரு வழக்கறிஞரும் சட்ட உதவியாளர் ஒருவரைச் சாட்சியாக உடன் அழைத்துவரலாம் என்று அவர் எழுதியதை நான் கவனிக்காமல் கடக்க மாட்டேன். வேடிக்கைக்கு நடுவிலும், பார்ப்பவர் இல்லாத கையாட்டம் முடிவைத் தராது, புதிய வழக்கைத்தான் தரும் என்பது நீதிபதிக்குத் தெரிந்திருந்தது. இறுதியில் இரு தரப்பும் இடத்தை ஒத்துக்கொண்டதால் அந்த ஆட்டம் நடக்கவில்லை.

இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கத்திடம் அத்தகைய இளக்கம் இல்லை. 2018 அக்டோபர் 26 அன்று மான்செஸ்டர் சிட்டி, ரெடிங் அணிகள் மோதிய மகளிர் லீக் ஆட்டத்தில், சுண்டவேண்டிய நாணயத்தை உடைமாற்றும் அறையில் மறந்துவிட்ட நடுவர் டேவிட் மக்னமாரா, அணித்தலைவிகள் இருவரையும் கல், காகிதம், கத்தரிக்கோல் ஆடவைத்தார். சங்கம் அவரை 21 நாள் இடைநீக்கம் செய்தது. தண்டனை மிகையானது என்று அப்போது பலர் நினைத்தார்கள். சங்கம் தண்டித்ததற்கு, ஆட்ட விதி நாணயத்தைக் குறிப்பிடுகிறது என்பது ஒரு காரணம். அதைவிட அடிப்படையான வேறுபாடும் இருக்கிறது. நாணயத்தைச் சுண்டும்போது அணித்தலைவிகள் இருவருக்கும் அதன் முடிவின் மீது எந்தக் கட்டுப்பாடும் இல்லை. கையாட்டத்தில் இருவருக்கும் கட்டுப்பாடு இருக்கிறது. பயிற்சி பெற்றவருக்கு ஆதாயம் இருக்கிறது. யாராவது பிந்தினால் அதற்கு விதி எதுவும் அந்த மைதானத்தில் அறிவிக்கப்பட்டிருக்கவில்லை. இருபத்தொரு நாள் கடுமையானதா என்பதை விவாதிக்கலாம். இரண்டும் ஒன்றே என்ற வாதத்தை ஏற்க முடியாது.

கனடாவின் கியூபெக் மாகாண நீதிமன்றங்கள் இந்தத் திறமைக் கேள்வியை நேரடியாகவே எதிர்கொண்டன. 2011இல் மூன்று சுற்று ஆட்டம் ஒன்றில் 517,000 கனடிய டாலர் தோற்ற ஒருவர் அதற்காகத் தம் வீட்டை அடமானமாக எழுதிக்கொடுத்திருந்தார். திறமையையோ உடலுழைப்பையோ மட்டுமே சார்ந்த செயலின் மீது, அளவுக்கு மிஞ்சாத தொகைக்கு வைக்கும் பந்தயமே செல்லும் என்பது அந்த மாகாணச் சட்டம். செயல் வேகம், கவனிப்பு, உத்தி ஆகியவற்றுக்கு ஆட்டத்தில் இடம் உண்டு என்பதை ஒப்புக்கொண்ட நீதிமன்றம், அதிர்ஷ்டத்தின் பங்கும் பெரியது, தொகையும் மிகை என்று 2017இல் அந்த அடமானத்தை நீக்கியது; மேல்முறையீட்டு நீதிமன்றம் 2020இல் அதை உறுதி செய்தது.

பழைய ரோமானியரும் இதே அச்சத்தோடுதான் வாழ்ந்தார்கள். இருவர் ஒரே நேரத்தில் விரல்களை நீட்டி, நீட்டிய விரல்களின் கூட்டுத்தொகையை ஊகித்துக் கூவும் விளையாட்டு அவர்களிடம் இருந்தது. இத்தாலியில் இன்றும் அது மொர்ரா என்ற பெயரில் ஆடப்படுகிறது. இருட்டிலும் எவரோடு விரல் நீட்டி ஆடலாமோ அவரே நம்பத்தக்கவர் என்ற நாட்டுப்புறப் பழமொழியை கிமு 44இல் சிசரோ பதிவு செய்திருக்கிறார். வெளிச்சம் இல்லாத இடத்தில் எத்தனை விரல் நீட்டினேன் என்று ஒருவர் சொல்வதை அப்படியே ஏற்க வேண்டியிருக்கும் என்பதே அதன் பொருள். அத்தகைய நம்பிக்கையை ஒரு நகரத்தின் சந்தைமீது வைக்க முடியாது என்பது பின்னால் தெரியவந்தது: நான்காம் நூற்றாண்டில் ரோம் நகர ஆட்சியர் அப்ரோனியானஸ், ஆடுகளை விரலாட்டத்தால் விலைபேசி விற்கும் வழக்கத்தை நீக்கி, எடைபோட்டே விற்க வேண்டும் என்று கல்லில் ஆணை பொறித்தார். இத்தாலிய அரசு 1931ஆம் ஆண்டின் பொதுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் மொர்ராவைத் தடை செய்யப்பட்ட ஆட்டங்களின் பட்டியலில் சேர்த்ததற்குச் சூதாட்டமும் அதையொட்டிய கைகலப்புகளும் பின்னணியாக இருந்தன. அந்த ஆட்டத்தில் குரலும் கையும் சேர்ந்தே வெளிவர வேண்டும். எதிராளியின் குரலைக் கேட்டபின் ஒரு விரலை மடக்கிக்கொள்ள எடுக்கும் நேரம் மிகச் சிறியது, அதைப் பார்த்தவர்களுக்கும் பார்க்காதவர்களுக்கும் இடையே மூளும் சண்டை பெரியது. சார்டீனியத் தீவில் மொர்ரா ஒழுங்கான போட்டியாக இன்னும் உயிரோடிருக்கிறது என்பது தடைக்கு மாற்றாக மேற்பார்வையும் பலனளிக்கும் என்பதைக் காட்டுகிறது.

இப்போது கல்லூரி விழாக்களிலும் அலுவலகக் கொண்டாட்டங்களிலும் பரிசு வைத்து இந்த விளையாட்டை நடத்துபவர்கள் பெரும்பாலும் வெற்றி தோல்வி விதிகளை மட்டும் அறிவித்துவிட்டுத் தொடங்குகிறார்கள். அறிவிக்க வேண்டியவை வேறு. எத்தனை வீச்சுக்குப் பிறகு கை காட்டுவது என்பதை மேடையிலேயே உரக்கச் சொல்ல வேண்டும். எண்ணிக்கையை ஆட்டக்காரர் வாயில் விடாமல் நடுவரே எண்ண வேண்டும். நடுவர் இருவருக்கும் எதிரே நிற்காமல் பக்கவாட்டில், இரண்டு முன்கைகளின் கோணமும் தெரியும் இடத்தில் நிற்க வேண்டும். கோட்டைக் கடந்த மூடிய கை கல் என்ற விதியை முதல் சுற்றுக்கு முன்பே படித்துக்காட்ட வேண்டும். சண்டை வந்தபின் அறிவிக்கப்படும் விதி எவ்வளவு நியாயமானதாக இருந்தாலும் ஒரு தரப்புக்கு எதிராகச் செய்யப்பட்டதாகவே தோன்றும். கைப்பேசியில் பதிவு செய்வதானால், நொடிக்கு 30 படங்கள் எடுக்கும் சாதாரண முறையில் இரண்டு படங்களுக்கு இடையே 33 மில்லி நொடி இடைவெளி விழும், அதற்குள் விரல் பாதி நீண்டுவிடும். நொடிக்கு 240 படங்கள் எடுக்கும் மெதுவோட்ட முறையில் அந்த இடைவெளி நான்கு மில்லி நொடியாகக் குறையும். அந்தப் பதிவைப் போட்டுக் காட்டுமாறு எத்தனை முறை கேட்கலாம் என்பதற்கும் ஒரு வரம்பு வேண்டும்: ஓர் ஆட்டத்தில் ஒருவருக்கு ஒருமுறை என்று வைப்பதே போதுமானது. தோற்ற ஒவ்வொரு சுற்றுக்கும் பதிவைக் கேட்க விட்டால், திரும்பப் போடச் சொல்லும் பழைய வழி கேமராவின் வழியாக மறுபடி உள்ளே வந்துவிடும்.